ஆள் பார்த்துக் கட் ஆகும் கார்டு

ஜூன் 2, திங்கள்

இந்த நோட்டு கார்டுக்காகப் போட்டது. என் கதை எழுத அல்ல.

லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை கார்டை இன்று மாற்றியாயிற்று. பதினைந்து நாள் வைத்துப் பார்க்க வேண்டும். எப்போது கட் ஆனது, எங்கே வைத்துக் கட் ஆனது, என்ன செய்துகொண்டிருந்தபோது கட் ஆனது என்று தேதி போட்டு எழுதி வர வேண்டும். ஒத்துவராவிட்டால் கார்டைத் திருப்பி வாங்கிக்கொள்வார்களாம். கடைக்காரி ஜன்னத்தின் நிபந்தனை இது. நான் வீட்டிலிருந்து பிழை திருத்துகிறவள், அச்சகத்துக்கு. ஒழுங்காக எழுது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கடை பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், மாடியில். ஜன்னத்துக்கு முப்பது வயதிருக்கும். அடிமூடியைக் கழற்றிக் காட்டினாள். ஒரு தபால்தலை அளவுதான் கார்டு. அதில் கறுப்பு ஒயர் ஒன்று, வெள்ளை ஒயர் ஒன்று, நுனியில் கடுகளவு பித்தளைக் குமிழ். அதை அழுத்தி மாட்ட வேண்டும். இத்துனூண்டு சாமான்தான் என் பிழைப்பைக் கெடுத்தது என்று என் வீட்டுக்காரர் அதை முறைத்துப் பார்த்தார். கடையில் எல்லாவற்றையும் அவரே பேசிவிட்டார். அது வசதிதான்.

கடைப் பலகையில் ஒரு பிழை. ‘இங்கு லேப்டாப் பழுது பார்க்கப்ப்டும்’. ஒரு ப-வின் தலையில் வேண்டாத புள்ளி. சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

எதற்காக இந்தக் கார்டு என்பதையும் எழுதிவைக்கிறேன், ஜன்னத் படிப்பாள். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஒரு நிறுவனம். அதில் ஆசிரியராகச் சேர மூன்று மாதிரி வகுப்பு எடுக்க வாய்ப்புத் தருவார்கள். எனக்கு இரண்டு போய்விட்டது. இரண்டிலும் ஆரம்பித்த முதல் நிமிடத்திலேயே நெட் கட். மூன்றாவது வரும் 16-ஆம் தேதி மாலை நான்கு மணிக்கு. அதுவும் போனால் இரண்டு வருடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. எனக்கு நாற்பத்தாறு வயது. எம்.ஏ., பி.எட். முடித்துவிட்டு இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் எழுத்துக்கு ஒற்றுப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இது கிடைக்க வேண்டும்.

ஜூன் 3, செவ்வாய்

ஹாலில் வேகம் 78. படுக்கையறையில் 61. சமையலறையில் 40. அளந்தது நான் அல்ல, என் வீட்டுக்காரர். நயினார் என்று பெயர், லாரி பார்சல் ஆபீசில் வேலை. கல்யாணமான புதிதில்கூட அவர் இத்தனை உற்சாகமாக வீட்டைச் சுற்றி வந்ததில்லை. லேப்டாப்பைத் திறந்தபடியே ஏந்திக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய் அங்கிருந்து கத்தினார்.

“ஏட்டி, இங்கன தண்ணித் தொட்டி பக்கத்துலயும் முப்பத்தஞ்சு காட்டுதுட்டி.”

தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் நின்று யாருக்குப் பாடம் நடத்தப் போகிறேன் என்று கேட்கவில்லை. ஆசையாக அளக்கிறார், அளக்கட்டும்.

கட்: இல்லை.

ஜூன் 4, புதன்

காலை 11.10. ஹால். அச்சக மேனேஜர் தளவாய் வீடியோவில் கூப்பிட்டார். ஒரு புத்தகத்தில் படம் மாறிவிட்டதாம். “எந்தப் பக்கத்துலம்மா சந்தேகம்னு எழுதியிருந்திய?” என்று கேட்டார். பக்க எண் சொல்லும்போது கட்.

பிறகு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். அதுதான் தெளிவு. பேச்சில் சொன்னால் அந்த மனிதர் நாற்பத்து மூன்றை முப்பத்து நான்கு என்று எழுதிக்கொள்வார்.

ஜூன் 5, வியாழன்

மாலை 6.20. சமையலறை. மகள் எழிலுடன் பேசிக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூரில் விடுதியில் இருந்து படிக்கிறாள். புளிக்குழம்பைக் கிண்டிக்கொண்டே பேச்சு, அடுப்பு மேடையில் லேப்டாப். திடீரென்று படம் உறைந்து, குரல் போய், கட். மூன்று தடவை. எரிச்சலாக வந்தது. புதுக் கார்டு வாங்கிப் போட்டும் இப்படியா? குழம்பும் அடிப்பிடித்துவிட்டது.

இது நிஜமான கட்.

(இப்படி எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடித்தால் நோட்டு அசிங்கமாக இருக்கும்.)

ஜூன் 6, வெள்ளி

காலை 10.30. ஹால். வங்கிக் கணக்குக்கு வீடியோவில் முகம் காட்டி அடையாளம் சொல்ல வேண்டும் என்று குறுஞ்செய்தி வந்திருந்தது. ஒரு பையன் வந்தான். அடையாள அட்டையைக் கேமராவில் பிடிக்கச் சொன்னான், பிடித்தேன். தலையைத் திருப்பச் சொன்னான், திருப்பினேன். “உங்க முழுப் பேரச் சொல்லுங்க மேடம்” என்றான். கட்.

மறுபடி அவன் வந்தான். மறுபடி கட். மத்தியானம் நேரில் வங்கிக்கே போய்ப் படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

அவர் சாயங்காலம் கேட்டுவிட்டு ரொம்ப வருத்தப்பட்டார். “நான் பழைய லேப்டாப்ப வாங்கிக் குடுத்ததுதான் தப்பு. புதுசா வாங்கியிருக்கணும்” என்றார். சோறு போட்டுக்கொண்டே இல்லை என்று தலையாட்டினேன். அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை எனக்கு ஒன்றும் இறங்கவில்லை.

ஜூன் 7, சனி

எழிலுடன் ஒரு மணி நேரம், ஹாலில். கட்: இல்லை. தோழியின் பிறந்தநாள், விடுதிச் சாம்பார், ஒரு பேராசிரியரின் மீசை என்று எல்லாம் பேசினாள். நானும் வளவளவென்று பேசினேன்.

எழில் என்று பெயர் வைத்தது நான். என்ன அழகான தமிழ்ப்பெயர் என்று எல்லோரும் மெச்சுவார்கள். அழகு இருக்கட்டும். தெருவில் நின்று கூப்பிட லேசாக வரும் பெயர் அது. பொற்கொடி என்று எனக்கு வைத்த மகராசனைச் சொல்ல வேண்டும்.

காலையில் பால் பூத்தில் வழக்கம்போல “ஆவின் ரெண்டு” என்று வாங்கி வந்தேன். வழக்கம்போல என்று எதற்கு எழுதினேன், தெரியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

பழைய பாட்டு, மூன்று மணி நேரம், ஒரே ஓட்டம். கட்: இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என்று அவர் லேப்டாப்பைத் துடைக்க உட்கார்ந்தார். பழைய பல் தேய்க்கும் பிரஷ், தேங்காயெண்ணெய் தொட்ட துணி, எல்லாம் பரப்பிக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாகத் துடைத்தார். மேல்வரிசை நெடுகத் தூசி, யார் அதையெல்லாம் தொடுகிறார்கள். விமானப் படம் போட்ட பொத்தான் மட்டும் சுத்தமாகப் பளபளவென்று இருந்தது. “இது எதுக்குட்டி?” என்றார். தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினேன். அதையும் ஒரு தடவை துடைத்தார்.

ஜூன் 9, திங்கள்

மாலை 4.00. ஹால். நிறுவனத்திலிருந்து சுகிர்தா என்ற பெண் ஒத்திகைக்குக் கூப்பிட்டாள். இரண்டு தடவை கட் ஆனதால் மூன்றாவதுக்கு முன்னால் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கிறாளாம். நல்ல பெண். படம் தெளிவு, குரல் தெளிவு என்றாள். “சரி மேடம், நீங்க கிளாஸ ஆரம்பிக்கிற மாதிரி ஆரம்பிங்க” என்றாள்.

ஆரம்ப வாசகத்தை அவர்களே எழுதித் தந்திருக்கிறார்கள். ‘வணக்கம். என் பெயர்’ என்று தொடங்கி நம் பெயரைச் சொல்ல வேண்டும். வணக்கம் சொன்னேன். கட்.

நாளைக்குக் கார்டைக் கொண்டுபோய்க் காட்டப்போகிறேன். இன்னும் ஏழு நாள்தான் இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

கடைக்குத் தனியாகப் போனேன். அவருக்கு லோடு வந்துவிட்டது. ஜன்னத் மூடியைக் கழற்றிப் பார்த்தாள். கறுப்பு ஒயர் குமிழ் சரியாக உட்காரவில்லையாம், அடுப்பு மேடையில் சூடு பட்டதும் நெகிழ்ந்திருக்கிறது. அழுத்தி மாட்டி, சின்னதாக ஒரு டேப்பும் ஒட்டினாள். அவள் தப்புதான் என்று ஒப்புக்கொண்டாள்.

வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 11, புதன்

சமையலறை 58. கட்: இல்லை. யாரிடமும் பேசவில்லை.

ஜூன் 12, வியாழன்

வேறு விசேஷம் இல்லை என்று எழுதியது பொய். இரண்டு நாளாக அந்த வரி கண்ணை உறுத்துகிறது. அடுத்தவர் பிழையை அரை மைல் தூரத்தில் பார்க்கிறவள் நான். என் நோட்டில் இதை விட்டுவைக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஜன்னத் ஒயரை மாட்டிவிட்டு இந்த நோட்டை வாங்கிப் படித்தாள். படிக்கும்போதே என்னிடம் “கார்டு சூடாவுதா?” என்று கேட்டாள். “அட்டை சூடாவல” என்றேன். “ஏங்க்கா, கார்ட அட்டைங்கிய? தமிழ் டீச்சராப் போறதுன்னால இப்பவேயா?” என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

பிறகு அவள் சிரிக்கவில்லை. நோட்டில் விரல் வைத்து வரிவரியாகப் போனாள்.

“சமையக்கட்டுல கட் ஆனது நெசம். அது நான் ஒயர ஒழுங்கா மாட்டாதது. ஆனா மத்தது வேற மாரில்லா இருக்கு. பாட்டு மூணு மணி நேரம் கேட்டிருக்கிய, கட் இல்ல. மகள்ட்ட ஒரு மணி நேரம் பேசியிருக்கிய, கட் இல்ல. மேனேஜரு, பேங்க்காரப் பையன், கம்பெனிக்காரி, இவுங்க வந்தா மட்டும் கட். ஆள் பாத்துக் கட் ஆவுற கார்ட நான் பாத்ததே இல்லக்கா.”

அவள் லேப்டாப்பில் எதையோ திறந்தாள். கட்டம் கட்டமாக, தேதி நேரத்தோடு ஒரு பட்டியல் ஓடியது. லேப்டாப்பும் தன் பாட்டுக்கு ஒரு நாட்குறிப்பு எழுதுமாம், எனக்கு அதுவரை தெரியாது. ஜூன் 4, 11.11. ஜூன் 6, 10.34. ஜூன் 6, 10.41. ஜூன் 9, 4.06. ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரே வாசகம். ஆங்கிலத்தில் இருந்தாலும் எனக்குப் புரிந்தது. பொத்தானை அழுத்தி வைஃபை அணைக்கப்பட்டது.

ஜன்னத் அதைப் பார்த்தாள். நான் பார்ப்பதையும் பார்த்தாள். மெதுவாக அந்தப் பட்டியலை மூடினாள். கடைசியில், மிகவும் சாதாரணமாக, “அந்த ஏரோப்ளேன் பொத்தானக் கழத்தி எடுத்திரவாக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன். மார்க்கெட் முழுக்கக் கூட்டம். எல்லோரும் எதையாவது விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேருக்கு இத்தனை சுலபமாக வாயிலிருந்து வார்த்தை வருகிறதே என்று ஆத்திரமாக வந்தது.

எழுதிவிடுகிறேன். எனக்குத் திக்கும். ப-வில் ஆரம்பித்தால் திக்கும், க-வில் ஆரம்பித்தால் திக்கும். உதடு மூடிக்கொள்ளும், திறக்காது. இலக்கணமாகச் சொன்னால் மெய் வந்துவிடும், அதில் ஏற வேண்டிய உயிர் வராது. ப் என்று நிற்பேன். ஜன்னத்தின் பலகையில் இருக்கிறதே, தலையில் புள்ளி வைத்த அந்த ப், அது நான்தான். அதனால்தான் பாலை ஆவின் என்பேன். பஸ்ஸை வண்டி என்பேன். கார்டு அட்டை. மகளுக்கு எழில் என்று வைத்ததும் அதனால்தான். மகளிடம் வராது. வீட்டுக்காரரிடம் எப்போதாவது வரும். அந்நிய முகம் பெயரைக் கேட்டால் கட்டாயம் வரும். ‘என் பெயர் பொற்கொடி’ என்பதில் இரண்டு ப இருக்கிறது. என்ன செய்ய?

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் நேர்காணல். தலைமையாசிரியை பெயர் கேட்டார். நின்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர், “பேரு மறந்துபோச்சாம்மா?” என்றார். எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எங்கும் போகவில்லை.

முதல் மாதிரி வகுப்பில் அதே மாதிரி நின்றபோது கை தானாக அந்தப் பொத்தானுக்குப் போயிற்று. திரை போய்விட்டது. ஆகா, என்ன நிம்மதி. “நெட் கட் ஆயிட்டு” என்று அவரிடம் சொன்னேன், அந்த வாக்கியத்தில் முதல் எழுத்து ந. ஒரு சிக்கல் இல்லாமல் வந்தது. அவர் நம்பிவிட்டார். நம்பி அலைந்து புதுக் கார்டு வாங்கிப் போட்டார். நல்ல கார்டின் மேல் பழி, நல்ல மனிதருக்கு வேதனை.

இன்று சாயங்காலம் அவர் வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். நெட் இல்லை, நான்தான், அந்தப் பொத்தான். இதைச் சொல்ல எனக்கு நாலு நிமிடம் ஆயிற்று. வழக்கமாக நான் நின்றால் அவர் எடுத்துக் கொடுப்பார். வாக்கியத்தை முடித்தே வைத்துவிடுவார். இருபது வருடப் பழக்கம், அன்பாகத்தான் செய்கிறார். அதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும் என்பது அவருக்குத் தெரியாது. இன்று அதையும் சேர்த்துச் சொன்னேன். இரண்டு தடவை வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். காப்பி ஆறிவிட்டது.

எல்லாம் கேட்டுவிட்டு, “ஞாயித்துக்கெழம தொடைக்கும்போதே ஒரு சமுசயம்தான்” என்றார். பிறகு, “இவ்வளவு நாளும் நான் முடிச்சு வச்சதெல்லாம் தப்பாட்டி?” என்று கேட்டார்.

“தப்பில்ல. இனிமே வேண்டாம்” என்றேன்.

சரி என்று சொல்ல வந்தவர் அதையும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும்தான்.

ஜூன் 13, வெள்ளி

ஜன்னத்துக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். ‘பொத்தானைக் கழற்ற வேண்டாம். அது இருக்கும்போதே தொடாமல் இருக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.’

கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. கூடவே, ‘16ம் தேதி நான் துவா செய்ரேன் அக்கா’ என்று எழுதியிருந்தாள். செய்ரேன் என்பதில் பிழை இருக்கிறது. திருத்தவில்லை.

ஜூன் 14, சனி

எழிலிடம் சொன்னேன். “எனக்குத் தெரியும்மா, சின்ன வயசுலயே தெரியும்” என்றாள். “நீ சொல்லாததால நானும் கேக்கல.” பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வீட்டில் ரகசியம் காத்தது நான் ஒருத்தி மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வீடியோவில் அவளை மாணவியாக வைத்து வகுப்பு எடுத்துப் பார்த்தேன். அவளிடம் திக்கவே இல்லை. ஒத்திகைக்குப் பிரயோசனம் இல்லாத மகள்.

அவர் வாக்கியத்தை முடித்து வைக்காமல் இருக்கப் படும்பாடு பெரிய பாடு. கொஞ்சம் ரசம் விடவா என்று கேட்க வந்து ‘க்’ என்று நின்றேன். தட்டைப் பார்த்தபடியே பொறுத்திருந்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது அவருக்கு.

ஜூன் 15, ஞாயிறு

ஹால் 80. பயமாக இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

வரிசையாக எழுதுகிறேன்.

அவர் மத்தியானமே ஆபீசில் சொல்லிவிட்டு வந்தார். மூன்றரைக்கு வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கீரைக்காரி, இஸ்திரிக்காரர், எதிர்வீட்டுக்காரர், யார் வந்தாலும் உதட்டில் விரல் வைத்து விரட்டினாராம். தபால்காரரையும் விரட்டியிருக்கிறார்.

நான்கு மணிக்குத் திரையில் இரண்டு கட்டம். ஒன்றில் படம் இல்லாமல் ‘சு’ என்ற எழுத்து மட்டும், சுகிர்தா கவனிக்கிறாள் என்று அர்த்தம். இன்னொன்றில் மாணவி. ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் மெல்லிய சங்கிலி, பின்னால் ஜன்னலும் ஒரு பப்பாளி மரமும். லீலா வீராப்பென், மொரீஷியஸ், மருத்துவமனையில் நர்ஸ். வீரப்பன் என்ற முப்பாட்டன் பெயர்தான் அங்கே போய் அப்படி ஆகிவிட்டது போலும். அவர்கள் ஊரில் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார்களாம். வருடா வருடம் தமிழில் பாடுகிறாராம், ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாதாம். அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தார். ஆங்கில எழுத்தில் இருக்கும் புத்தகத்தைப் படித்துக் கொஞ்சம் பேசுவார்.

“வணக்கம்” என்றேன். “வணக்கம், டீச்சர்” என்றார்.

“என்” என்றேன். நின்றது.

உதடு மூடியது, திறக்கவில்லை. முகம் அசையவில்லை, கை அசையவில்லை, கண்கூடச் சிமிட்டவில்லை என்று நினைக்கிறேன். கடிகாரத்தின் விநாடி முள் மட்டும் தெரிந்தது. மூன்று. நான்கு. இடது கை மேசையிலிருந்து தானாக எழுந்தது. விமானப் பொத்தானுக்கு மேலே வந்து நின்றது. ஒரு தட்டுத் தட்டினால் போதும். திரை போய்விடும், எல்லோரும் ஐயோ பாவம் என்பார்கள், கார்டைத் திட்டுவார்கள். ஐந்து. ஆறு.

லீலா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

“டீச்சர், உங்கள் படம் நின்றுவிட்டது. இன்டர்நெட் போய்விட்டதா?”

என் வாழ்க்கையில் இத்தனை நல்ல சாக்கு எனக்கு யாரும் தந்ததில்லை. தட்டில் வைத்து நீட்டினார். ஆமாம் என்றால் போதும், அதில் ப-வும் இல்லை, க-வும் இல்லை.

கையை எடுத்து மடியில் வைத்தேன்.

“இல்ல. நெட் நல்லா இருக்கு” என்றேன். “நான்தான் நின்னுட்டேன்.”

“நின்னுட்டேன்?” என்றார். அவருக்கு அந்தச் சொல் புரியவில்லை. புத்தகத்தில் நின்றுவிட்டேன் என்றுதானே இருக்கும்.

“நின்றுவிட்டேன், எழுதும்போது. நின்னுட்டேன், வாயில வரும்போது. எனக்குச் சில எழுத்து சிக்கும். ஒரு நிமிஷம் நிப்பேன், அப்புறம் வந்துரும்.”

“சிக்கும்?”

அதற்கு எப்படி அர்த்தம் சொல்வது? பக்கத்தில் கிடந்த பழைய ஹெட்போன் ஒயரைத் தூக்கிக் காட்டினேன். இருபது முடிச்சோடு தொங்கியது. “இது சிக்கு. இப்படிச் சிக்கும்.”

அவர் அந்த ஒயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மிகவும் யோசித்து, முழு வாக்கியமாகச் சொன்னார்.

“டீச்சர், எனக்குத் தமிழில் எல்லா எழுத்தும் சிக்கும்.”

நான் சிரித்தேன். அவர் சிரித்தார். படம் இல்லாத அந்தச் ‘சு’ கட்டத்திலிருந்தும் ஒரு சிரிப்புக் கேட்டது. வாசற்படியில் நாற்காலி கிரீச்சென்றது.

அவ்வளவுதான், வகுப்பு அதன் பாட்டுக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. எழுத்தின் தலையில் ஏன் புள்ளி வைக்கிறீர்கள் என்று கேட்டார். புள்ளி என்று சொல்ல நின்றேன், வந்தது. புள்ளி வைத்தால் அது மெய், தனியாக நிற்கும், உயிர் வந்து சேர்ந்தால்தான் நகரும் என்று சொன்னேன். ப் எழுதிக் காட்டி, பக்கத்தில் அ எழுதி, இரண்டையும் சேர்த்துப் ப எழுதிப் புள்ளியை அழித்தேன். இந்தப் பாடத்தை என்னைவிட நன்றாக நடத்த இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. கர்வமாகவே எழுதுகிறேன். லீலா தன் நோட்டில் ப, பா, பி என்று எழுதிக் கேமராவில் காட்டினார். பி-யின் மேல்விலங்கு கோணலாக இருந்தது. திருத்தினேன், உடனே, வாயால்.

முடியப் போகும்போது, “டீச்சர், உங்கள் பெயர் நீங்கள் சொல்லவில்லை” என்றார்.

ப் என்று நின்றேன். அவர் இந்தத் தடவை இன்டர்நெட்டைப் பற்றிக் கேட்கவில்லை. பப்பாளி மரத்துக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்கு அவசரமும் இல்லை.

“பொற்கொடி” என்றேன்.

“பொற்கொடி” என்று அவரும் சொன்னார். ற-வை ர-வாகச் சொன்னார். அடுத்த வகுப்பில் திருத்திக்கொள்ளலாம் என்றேன். அடுத்த வகுப்பு என்று நான் சொன்னது வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

ஜன்னத்துக்காக:
மாலை 4.00 முதல் 4.45 வரை. ஹால். கட்: இல்லை. நான் நின்றது: பதினொரு தடவை. விமானப் பொத்தான்: தொடவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

பதினைந்து நாள் முடிந்தது. கடைக்குப் போனேன். அவரும் வந்தார், ஆனால் கீழே சைக்கிள் கடையில் நின்றுகொண்டார், வேண்டுமென்றேதான்.

ஜன்னத் மேசையில் யாருடைய லேப்டாப்போ பிரிந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள். காத்திருந்தாள்.

“கார்டு” என்று ஆரம்பித்தேன். க் என்று நின்று, வந்தது. “கார்டு நல்லாருக்கு. திருப்பித் தர மாட்டேன்.”

“இப்ப அட்டை இல்லையாக்கா?” என்றாள். நோட்டை வாங்கி நேற்றைய பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். கண்ணைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு, தூசி என்றாள்.

கிளம்பும்போது பலகையைப் பற்றிச் சொன்னேன். ப-வில் ஒரு புள்ளி கூடுதல் என்று. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். “மூணு வருசமா தொங்குது. எத்தன வாத்தியாருமாரு ஏறி எறங்குதாங்க, ஒருத்தரும் சொல்லலியே” என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். உள்ளே போய் ஸ்டூலும் பிளேடும் எடுத்து வந்தாள். நானே ஏறினேன். பெயின்ட் சுலபத்தில் உரியவில்லை. அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, கீழே அவர் நாலு பேரிடம் பெருமையாக மேலே கைகாட்டிக்கொண்டிருக்க, சுரண்டி எடுத்துவிட்டுத்தான் இறங்கினேன்.

ஜூன் 18, புதன்

மின்னஞ்சல் வந்துவிட்டது. ஜூலை முதல் வாரத்திலிருந்து, செவ்வாயும் வெள்ளியும், லீலா வீராப்பென். இன்னும் மூன்று பேர் பிறகு சேர்வார்கள். ‘ஆசிரியர் நிறுத்தி நிதானமாகப் பேசுவதால் எனக்குப் புரிகிறது’ என்று லீலா எழுதிக் கொடுத்திருக்கிறாராம். நிறுத்தியது நிஜம். நிதானம் அவருடைய கற்பனை.

மின்னஞ்சலில் இரண்டு ஒற்றுப்பிழை. பதில் எழுதும்போது பணிவாகச் சுட்டிக்காட்டியிருக்கிறேன்.

காலையில் பால் பூத்தில் எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பாட்டையா என்று எல்லோரும் கூப்பிடும் பூத்துக்காரர் என் கையில் இருந்த கூடையைப் பார்த்ததுமே இரண்டு ஆவினை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொள்ளவில்லை. வாயைத் திறந்தேன். ப் என்று நின்றேன். பின்னால் ஒருவர் செருமினார். பாட்டையா நீட்டிய கையை மடக்காமல் நின்றார்.

“பால்” என்றேன். “பால் ரெண்டு.”

“அதத்தான தாயி நீட்டுதேன்” என்றார்.

வாங்கிக்கொண்டு வந்தேன்.